லிங்கத்துரை வீட்டு வரி

கீழ அளத்துக் காலனியில் பன்னிரண்டு வீடுகள் ஒரே வரிசையில் ஒன்றின் தோளை ஒன்று தொட்டுக்கொண்டு நிற்கும். பதினொன்றாவது வீடு என்னுடையது, பன்னிரண்டாவது வீடு லிங்கத்துரையுடையது, இரண்டுக்கும் நடுவில் ஒரே சுவர். அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் இருந்த மனுஷனோடு நான் பதினேழு வருஷமாகப் பேசவில்லை, அவர் மனைவி பேச்சிக்கனி தை மாதக் கடைசியில் நெஞ்சுவலி வந்து செத்தபோதும் தெருமுனையில் நின்று தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டதோடு சரி. பிறகு பதினாறாம் நாள் காரியம் முடிந்து, வந்த சொந்தமெல்லாம் பஸ் ஏறிப் போய், வாடகை நாற்காலிகளையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு போன மறுநாள் காலையில், லிங்கத்துரையின் வீடு வரிசையை விட்டு ஒரு முழம் பின்னால் போயிருந்தது.

பின்னால் என்றால் கிழக்கே, உப்புப் பாத்திகள் இருக்கிற பக்கம், கடல் பக்கம். முதலில் பார்த்தவன் நான்தான். பல் விளக்க வெளியே வந்தபோது என் வீட்டு முன்மூலையில் ஒரு சந்து தெரிந்தது. நடுச்சுவர் அவர் வீட்டோடு சேர்ந்து போயிருந்தது. முழங்கையை வைத்து அளந்து பார்த்தேன், சரியாக ஒரு முழம். வீம்புக்குச் செய்கிறார் என்று நினைத்தேன். மறுநாள் இரண்டாவது முழம் போனது, அதற்கு மறுநாள் மூன்றாவது. தீப்பெட்டியின் உள்பெட்டியை உருவுகிற மாதிரி, விடிகிற நேரத்தில், யாரும் பார்க்காதபோது, சத்தமில்லாமல் போனது. ஒரு மாதத்தில் அந்த வீடு வரிசையை விட்டு முழுசாகக் கழன்று பாத்திக்குள் இறங்கிவிட்டது. என் வீடு ஒரு பக்கம் சுவரே இல்லாமல் நின்றது. கூரை எதன்மேல் நிற்கிறது என்று பஞ்சாயத்திலிருந்து வந்த ஆள் கேட்டார். எனக்குத் தெரியவில்லை, நின்றது. நான் சோறு தின்பதையும் சட்டை மாற்றுவதையும் ரோட்டில் போகிறவன் எல்லாம் பார்த்தான். பிறகு ஒரு நீலத் தார்ப்பாய் வாங்கிக் கட்டினேன். கடல்காற்றில் அது பகலெல்லாம் படபடவென்று அடித்துக்கொள்ளும்.

ஊர் என்றால் எதற்கும் ஒரு வழி வைத்திருக்கும். லைன்மேன் வந்தார், கம்பத்தில் ஏறி வயரை இழுத்துக் கட்டினார், வாரம் ஒரு தடவை வந்து இன்னும் கொஞ்சம் வயர் சேர்த்து முடிந்துவிட்டுப் போனார். "இந்த வேகத்துல போச்சுன்னா ஆவணிக்குள்ள எனக்கு வயரு தீந்துரும்" என்று மட்டும் சொன்னார். தண்ணீர்க் குழாய்க்கு பச்சை ரப்பர் டியூபைச் செருகி, அதோடு இன்னொரு டியூபைச் செருகி, வரப்பு வழியாகக் கொண்டுபோனார்கள். கிராம நிர்வாக அலுவலர் பெரிய நோட்டைக் கொண்டுவந்து விரித்து, நிலம் இங்கே இருக்கிறது, வீடு அங்கே இருக்கிறது, பட்டாவில் எதை எழுதுவது என்று ஒரு மணி நேரம் யோசித்துவிட்டு, டீ குடித்துவிட்டு, "நிக்கட்டும், நின்ன பெறவு எழுதிக்கிடுவோம்" என்று சொல்லிப் போனார். சாமியாடியிடம் கேட்டதற்கு, அம்மன் ஊர் விஷயத்தில்தான் வாக்குச் சொல்வாள், வீட்டு விஷயத்தில் தலையிட மாட்டாள் என்றார். உப்பளத்து முதலாளி பாத்தி கெட்டுப்போகுமே என்று காரில் வந்து பார்த்தார். வீடு கடந்த இடத்தில் ஒரு வரப்பு உடையவில்லை, உப்பின்மேல் ஒரு கீறல் இல்லை, அதனால் அவரும் ஒன்றும் சொல்லவில்லை. உப்பு வாருகிற பெண்களுக்கு அது வசதியாகக்கூடப் போனது. அந்த வெட்டவெளியில் ஒதுங்க ஒரு செடி கிடையாது. இப்போது மத்தியானம் தூக்குவாளியோடு லிங்கத்துரை வீட்டு நிழலில் போய் உட்கார்ந்து சாப்பிட்டார்கள், நிழல் நகர நகர அவர்களும் நகர்ந்தார்கள். துக்க வீட்டு நிழல் என்பதால் அங்கே யாரும் சத்தமாகப் பேசவில்லை. குசுகுசுவென்று பேசி, கையைக் கழுவி, உள்ளே எட்டிக்கூடப் பார்க்காமல் எழுந்து போனார்கள்.

நான் தினமும் அளந்தேன். சுவர் என் சுவர், அது எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று கேட்டால் சொல்ல வேண்டாமா, அதற்காக அளந்தேன். அதனால்தான் ஊருக்குத் தெரியாதது எனக்குத் தெரிந்தது. சாதாரண நாளில் ஒரு முழம். யாராவது சோற்றுப் பாத்திரத்தைக் கொண்டுபோய் வாசல்படியில் வைத்துவிட்டு, பாவம் என்று முகத்தை வைத்துக்கொண்டு, கதவைத் தட்டாமல் திரும்பி வந்த நாளில் இரண்டு முழம். முறை வைத்துச் சோறு கொடுத்தார்கள், திங்கள் ஒரு வீடு, செவ்வாய் ஒரு வீடு என்று. அதனால் முக்கால்வாசி நாள் இரண்டு முழம்தான். இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. என்னிடம் யாரும் கேட்கவுமில்லை.

இங்கே வரியைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் பக்கம் அம்மன் கோயில் திருவிழாவான கொடைக்கு வீடுவீடாகப் பணம் பிரிப்பதற்கு வரி என்று பெயர். புருஷன் பெண்டாட்டி சேர்ந்து ஒரு தலைக்கட்டு, அதற்கு ஒரு முழு வரி. இரண்டு பேரில் ஒருவர் போய்விட்டால் மிச்சமுள்ள ஆளுக்கு அரை வரி. கஷ்டம் தெரிந்து வைத்த சலுகைதான். ஆனால் கொடைக்குப் பந்தல்கால் நாட்டுகிற நாளில் மைக்கில் எல்லார் பெயரையும் வாசிப்பார்கள், முழு வரி இன்னார், முழு வரி இன்னார் என்று வாசித்துக்கொண்டே வந்து, கடைசியில் குரலைக் கொஞ்சம் தாழ்த்தி, அரை வரி இன்னார் என்று வாசிப்பார்கள். வரி கொடுத்தவன் ஊர்க்காரன். யாரிடம் வரி வேண்டாம் என்று சொல்லிவிட்டார்களோ அவன் வீடு ஊருக்குள் இருந்தாலும் அவன் ஊருக்குள் இல்லை.

பதினேழு வருஷத்துக்கு முன்னால், உப்பு கூட்டி வைத்திருந்த நேரத்தில் மழை பெய்து அம்பாரம் அம்பாரமாகக் கரைந்த வருஷம், என் மனைவி பம்பாயில் இருக்கிற அவள் தம்பி வீட்டுக்குப் போனாள், திரும்பி வரவில்லை. அது வேறு கதை, அதை எழுதப் போவதில்லை. அந்த வருஷக் கொடைக்கு நான் முழு வரி கொண்டுபோனேன். நோட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது லிங்கத்துரை. பக்கத்தில் மைக் இருந்தது, அதை யாரும் அணைத்திருக்கவில்லை. "தங்கப்பழமா, ஒத்தை ஆளு, அரை வரி போதும்" என்று சொல்லி, பாதியை எடுத்துக்கொண்டு மீதியை என் கையில் திருப்பித் தந்தார். அந்தச் சத்தம் நாலு குழாய் ஒலிபெருக்கியிலும் வந்தது, அளத்தில் வேலை செய்துகொண்டிருந்தவர்கள்கூடக் கேட்டார்கள். என் பெண்டாட்டி செத்துப்போகவில்லை, பம்பாயில் உயிரோடு இருக்கிறாள், என்னைப் பாதியாக்க நீ யார் என்று கேட்டேன். முழு வரி எழுது, இல்லையென்றால் ஒன்றுமே வேண்டாம் என்றேன். சரி வேண்டாம் என்றார்கள். பதினேழு கொடை போயிற்று. மேளம் என் வீட்டு வாசலைத் தாண்டித்தான் போகும், நான் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

ஆனி மாதம் வந்தபோது வீடு இருநூறு முழத்துக்கு மேல் போய்விட்டது. அடுத்த பஞ்சாயத்தின் எல்லைக்கல்லையும் தாண்டிவிட்டது. பாத்திகள் முடிகிற இடத்தில் ஒரு கரைமேடு, அதற்கு அந்தப் பக்கம் கடல். அப்போதுதான் ஜெபராணி ஊரைக் கூட்டினாள். சுகாதார நிலையத்தில் நர்ஸாக இருக்கிற பெண், நாலாவது வீடு. பழைய உப்புக் கிடங்கு, நாங்கள் கிட்டங்கி என்போம், அதன் படியில் ஏறி நின்று பேசினாள்.

"இது வீட்டுக்கு வந்த சீக்கு இல்ல, மனுஷனுக்கு வந்த சீக்கு. அவருக்கு வந்தது வெளிய தெரியுது, நமக்கு வந்தது தெரியல, அவ்வளவுதான். இந்தக் காலனியில எத்தனை வீட்டுல தூக்க மாத்திரை இருக்குன்னு எனக்குத் தெரியும்லா. வாய் தொறந்து சொல்லட்டுமா?"

யாரும் சொல்லச் சொல்லவில்லை. அவள் சொன்ன யோசனை இதுதான்: கிட்டங்கியைச் சுத்தம் செய்து வெள்ளையடிக்க வேண்டும், செவ்வாய்க்கிழமை சாயங்காலம் மனசு டாக்டர் ஒருவரை வரவழைக்க வேண்டும், மற்ற நாளில் பறையும் கோலாட்டமும் நாடகமும் படம் வரைவதும் நடக்க வேண்டும், வீட்டுக்குள் முடங்கிக் கிடக்கிறவர்கள் ஒரு காரணம் சொல்லி வெளியே வர ஓர் இடம் வேண்டும், அதற்கு எல்லாரும் சேர்ந்து பணம் போட வேண்டும்.

கொடைக் கமிட்டித் தலைவர் பொன்பாண்டிக்கு இது பிடிபடவில்லை. "சாமிக்கு வரி கேட்டிருக்கோம், பிள்ளைக்கு ஆபரேஷன்னா வரி கேட்டிருக்கோம். மனசுக்குன்னு சொல்லி எப்படிம்மா வரி கேக்குறது? என்னத்தைக் காட்டிக் கேக்குறது?"

"அந்தா போவுதுல்லா வீடு, அதைக் காட்டிக் கேளுங்க மாமா" என்றாள் அவள்.

காட்டிக் கேட்டார்கள். எங்கள் ஆட்களுக்குப் பணம் பிரிக்கத் தெரிந்தது ஒரே ஒரு விதம்தான், அந்த விதத்திலேயே செய்தார்கள். மஞ்சள் நோட்டீஸ் அடித்தார்கள், அதில் அம்மன் படத்துக்குப் பதிலாக என்ன படம் போடுவது என்று தெரியாமல் இரண்டு கை கும்பிடுகிற படம் போட்டார்கள், ரசீது புத்தகம் அடித்தார்கள், மைக் செட்டுக்குச் சொன்னார்கள், வரி முழுக்கச் சேர்ந்த பிறகுதான் கால் நாட்டுவது என்று முடிவு செய்தார்கள். செல்போனில் காட்டினால் பணம் போகிற கட்டம் போட்ட அட்டையைக் கிட்டங்கிக் கதவில் மாட்டினார்கள். அதைப் படம் பிடித்து அனுப்பியதில் திருப்பூரிலிருந்தும் பம்பாயிலிருந்தும் மஸ்கட்டிலிருந்தும் வெளியூர் வரி வந்தது, அனுப்பிய பையன்களில் இரண்டு பேர் டாக்டர் போனிலேயே பேசுவாரா என்று கேட்டும் எழுதியிருந்தார்கள். மனசுக் கொடை என்று பெயர் வந்துவிட்டது. ஊர் சந்தோஷமாக இருந்தது. கிட்டங்கிச் சுவரில் பெண்கள் மயிலும் மீனும் வரைய ஆரம்பித்தார்கள். இவ்வளவும் லிங்கத்துரைக்காக நடந்தது, லிங்கத்துரைக்கு ஒரு நாளைக்கு இரண்டு முழம் போய்க்கொண்டிருந்தது.

ஜெபராணி என்னிடம் வந்து தார்ப்பாயைத் தட்டினாள்.

"சித்தப்பா, உள்ள இருக்கீகளா?"

"சுவரே இல்லாத வீட்டுல எங்க போயி ஒளியிறது? என்னட்டி?"

"வரி."

"பதினேழு வருசமா என் வீட்டு வரி யாருக்கும் வேண்டாமே. இப்ப மட்டும் என்ன?"

"இது சாமி வரி இல்ல சித்தப்பா."

"ரசீது அதே ரசீதுதான? பொன்பாண்டி அதே பொன்பாண்டிதான? போ."

அவள் ரசீது புத்தகத்தை மூடினாள். "ராத்திரி தூங்குதீகளா?" என்று கேட்டாள். தார்ப்பாயை இழுத்து விட்டேன்.

கமிட்டி கடைசியாகக் கூடியது ஆடி முதல் வெள்ளிக்கிழமை. தார்ப்பாய்க்கு வெளியேதான் கூடியது, அதனால் எல்லாம் கேட்டது. பன்னிரண்டு வீட்டில் பத்து வீட்டு வரி வந்துவிட்டது. என் வீட்டைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. லிங்கத்துரை வீட்டுக்கு யார் போவது என்று ஒருவர் கேட்டார். பொன்பாண்டி எழுந்துவிட்டார்.

"அவருக்காகத்தான்யா இந்த வரியே. அவர்ட்டயே போயி கையை நீட்டுவீகளா? ஒரு மனசாட்சி வேண்டாமா? எழுதுங்க, லிங்கத்துரை வீடு, வரி இல்லை."

எல்லாரும் சரி என்றார்கள். ஒரு பெண் மூக்கைச் சிந்தினாள். ஜெபராணி மட்டும் ஏதோ சொல்ல வாயெடுத்தாள், அதற்குள் கைதட்டிவிட்டார்கள். வெள்ளை அட்டையில் பட்டியல் எழுதிக் கிட்டங்கிக் கதவில் ஒட்டினார்கள். பத்து பெயர் இருந்தது. சோறு கொண்டுபோன ஆள் இந்த நல்ல சேதியையும் அன்றைக்கே கதவுக்கு வெளியே நின்று சொல்லிவிட்டு வந்தான்.

மறுநாள் விடிந்தபோது வீடு நாற்பது முழம் போயிருந்தது.

நான் வரப்பில் நின்று அளந்தேன், நம்பாமல் திரும்பவும் அளந்தேன். ஒரே நாளில் நாற்பது. கரைமேட்டுக்கு இன்னும் இருபது முழம்தான் இருந்தது, அதற்கு அப்புறம் தண்ணீர். ஊர் ஆட்கள் பாத்தி ஓரத்தில் கூட்டமாக நின்று வாயைப் பொத்திக்கொண்டு பார்த்தார்கள். வயர் அறுந்து வரப்பில் கிடந்தது. லிங்கத்துரை ஒரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தார். வழக்கமாக ஊரைப் பார்த்துப் போடுவார், யாரையும் பார்க்காவிட்டாலும் முகம் இந்தப் பக்கம்தான் இருக்கும். அன்றைக்கு வீட்டைச் சுற்றிக்கொண்டு போய்க் கடலைப் பார்த்துப் போட்டு உட்கார்ந்தார். எனக்கு அவருடைய முதுகுகூடத் தெரியவில்லை. வீட்டின் முன்வாசல்தான் தெரிந்தது.

என்ன நடந்தது என்று எனக்குத் தெரியும். அந்த ஊரில் எனக்கு மட்டும்தான் தெரியும். உன் வரி வேண்டாம் என்று ஒரு ஆளிடம் சொன்னால் அந்த ஆள் எவ்வளவு தூரம் போவான் என்பதைப் பதினேழு வருஷம் அளந்தவன் நான். கோபத்தில் சொன்னாலும் பாவம் பார்த்துச் சொன்னாலும் அந்தத் தூரம் ஒன்றுதான். எனக்கு உள்ளே ஒரு சந்தோஷமும் வந்தது, அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். என்னை அரை ஆக்கினவர் இப்போது அவரே அரை. அரைகூட இல்லை, பட்டியலிலேயே இல்லை. இதை அவர் முகத்துக்கு நேராகச் சொல்ல வேண்டும் என்று பதினேழு வருஷமாக ஒரு வாக்கியம் வைத்திருந்தேன். அந்த ஆள் தண்ணீருக்குள் போய்விட்டால் நான் அதை யாரிடம் சொல்வது?

ஜெபராணி வீட்டுக்குப் போனேன். "அந்த ரசீது புக்கைக் குடு."

"நீங்க வரியே குடுக்கல. வரி பிரிக்கப் போறீகளோ?"

"குடுன்னா குடு."

அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டு, புத்தகத்தையும் பேனாவையும் தந்தாள். பொன்பாண்டி பின்னாலேயே வந்தார். "ஓய் பழம், செத்த வீட்டுக்காரன்ட்ட போயி வம்பு பண்ணாதேயும்வே!" நான் வரப்பில் இறங்கினேன். கடல்காற்று எதிரே அடித்தது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நடந்தேன். இரண்டு பக்கமும் உப்பு பூத்துக் கண்ணைக் குத்தியது. அந்த வீடு ஊரிலிருந்து பார்க்கும்போது தெரிந்ததைவிடத் தூரமாக இருந்தது, நடக்க நடக்க இன்னும் தூரமாக இருந்தது.

அவர் முன்னால் போய் நின்றேன். தாடி வளர்ந்திருந்தது. நிமிர்ந்து பார்க்கவில்லை.

"வரி" என்றேன்.

"யாரு?"

"பதினொன்னாம் வீடு."

"பழமா?" குரல் துருப்பிடித்த கேட்டைத் திறக்கிற மாதிரி வந்தது. "எனக்கு வரி இல்லைன்னு சொல்லிட்டாவளே."

"அவ்வோ யாரு சொல்லதுக்கு? ஒமக்கு வீடு இருக்குல்லா? அடுப்பு எரியுதுல்லா? எடும். அரை வரி."

இப்போது நிமிர்ந்தார். "அரையா?"

"ஒத்தை ஆளுக்கு அரை வரிதானவே. நீரு போட்ட சட்டம். இப்ப நீரும் ஒத்தை ஆளு. மைக் இல்லாததுதான் குறை."

சொல்லிவிட்டேன். பதினேழு வருஷம் வைத்திருந்ததைச் சொல்லிவிட்டேன். அவர் கண்ணைச் சுருக்கிக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"நான் எப்பவே சட்டம் போட்டேன்?"

"மழை பேஞ்சு உப்பு கரைஞ்ச வருசம். தங்கப்பழம் ஒத்தை ஆளு, அரை வரி போதும்னு நீரு மைக்ல சொன்னீரு."

அவர் யோசித்தார். நிஜமாகவே யோசித்தார், தாடியைச் சொறிந்துகொண்டு, கடலைப் பார்த்துக்கொண்டு. "நெனவு இல்லியே" என்றார். "சொன்னாலும் சொல்லியிருப்பேன். அன்னைக்கு எத்தனை பேருக்கு எழுதுனேனோ."

நான் பின்வாசல் படியில் உட்கார்ந்தேன். ஒரு சுமையைப் பதினேழு வருஷம் தலையில் வைத்துக்கொண்டு நடந்து வந்து ஒரு வாசலில் இறக்கினால், வீட்டுக்காரன் எட்டிப் பார்த்து இது நம்முடையது இல்லையே என்று சொன்னால் எப்படி இருக்கும், அப்படி இருந்தது. நான் கதவைச் சாத்திக்கொண்டு இருந்த பதினேழு கொடையிலும் இந்த ஆள் என்னை நினைத்துக்கூடப் பார்க்கவில்லை.

"அதுக்காவா பேசாம இருந்தீரு?" என்றார் அவர். "நடுச்சுவர்ல நான் ஆணி அடிச்சதுக்குன்னுலா நெனச்சேன்."

"அதுக்கும்தான்."

"அது என் சுவருவே."

"யாரு சுவரு? பாதி எனக்கு. என் பாதியையும் இழுத்துக்கிட்டு வந்து கடலுக்குள்ள போடப் போறீரே, கேக்க நாதி இல்லன்னு நெனச்சீரா?"

"நானா இழுத்தேன்? அது போவுது, நான் இருக்கேன்!"

"போவுதுன்னா நிறுத்தும்!"

"எனக்குத் தெரிஞ்சா நிறுத்த மாட்டனா?" அவர் எழுந்துவிட்டார், நாற்காலி சாய்ந்தது. "பெரிசா பேச வந்துட்டீரு. மூணு கொடைக்கு அவ ஒமக்கு மீன்குழம்பு குடுத்து விட்டாளே, ஒத்தையில கெடக்காரேன்னு. மூணு தடவையும் மூடியைக்கூடத் தொறக்காமத் திருப்பி அனுப்புனீரே. அவ ஒரு சொல்லு சொல்லல. அந்தக் குழம்பை எடுத்து வச்சு ராத்திரி அவதான் தின்னா, எனக்குக்கூட ஊத்தல. அது நெனவிருக்காவே ஒமக்கு?"

நினைவிருந்தது. எவர்சில்வர் தூக்கு, மூடியில் ஒரு நெளிவு.

அவர் மூச்சு வாங்க நின்றார். ஆறு மாதமாகப் பேசாத ஆள், அவ்வளவும் ஒரே மூச்சில் கத்தியதில் முகமெல்லாம் வேர்த்திருந்தது. கத்தி முடித்த பிறகு அழுதார். நான் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அழுகிற ஆளிடம் என்ன சொல்வது என்று எனக்குத் தெரியாது, எனக்கு யாரும் சொன்னதில்லை. அவர் அழுது முடிக்கிறவரை உட்கார்ந்திருந்தேன். வெயில் ஏறியது.

பிறகு அவர் உள்ளே போய்ப் பணம் எடுத்துவந்தார். "முழு வரி எழுதும்."

"ஒத்தை ஆளு..."

"அவ பேரையும் சேத்து எழுதும். எழுத முடியாதுன்னா எந்திரிச்சுப் போம்."

நான் மூணாம் வகுப்பு வரைக்கும்தான் படித்தேன். கையெழுத்துக்கு மேல் எழுதி வருஷக்கணக்காகிறது. ரசீதைத் தொடையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு எழுத்தாக எழுதினேன். லிங்கத்துரை எழுதி, பேச்சிக்கனி எழுதி, முழு வரி என்று எழுதினேன். பேச்சிக்கனி என்ற பெயர் ஒரு கோட்டில் அடங்காமல் அடுத்த கோட்டுக்குப் போய்விட்டது. அவர் வாங்கி, கையை நீட்டித் தூரத்தில் பிடித்துப் படித்தார். வெகு நேரம் படித்தார்.

"ஒம்ம ரசீது எங்க?"

"நான் குடுக்கல."

"அப்ப ஊரான்ட்ட பிரிக்க மட்டும் வந்தீராக்கும். எழுதும்வே."

புத்தகத்தைத் திருப்பி அடுத்த தாளில் என் பெயரை எழுதினேன். "அரையா, முழுசா?" என்று எட்டிப் பார்த்தார். "ஒம்மட்ட எதுக்குச் சொல்லணும்?" என்று கையால் மறைத்துக்கொண்டு எழுதினேன். எழுதி முடித்துப் புத்தகத்தை மடியில் செருகிக்கொண்டு எழுந்தேன். வருகிறேன் என்று சொல்லவில்லை. அவரும் போய் வா என்று சொல்லவில்லை.

பத்து அடி நடந்திருப்பேன். பின்னால் பாத்திரங்கள் ஒன்றோடொன்று இடிக்கிற சத்தம் கேட்டது. அலமாரியில் அடுக்கிய பாத்திரம் பஸ் போகும்போது அதிருமே, அந்தச் சத்தம். நான் நின்றேன், சத்தம் நின்றது. நடந்தேன், சத்தமும் நடந்தது. திரும்பிப் பார்க்கவில்லை; பார்த்தால் அந்த ஆளுக்கு ஏற்றமாகப் போய்விடும். காற்று இப்போது முதுகில் அடித்தது, அதில் அந்த வீட்டின் வாடை வந்தது, மண்ணெண்ணெயும் பழந்துணியும் ஊதுபத்தியும். காலில் உப்புக்கல் குத்தியது, உட்கார்ந்து எடுக்க முடியவில்லை, நான் உட்கார்ந்தால் அதுவும் உட்கார்ந்துவிடுமோ என்று பயமாக இருந்தது. என் வயசுக்கு அந்த வரப்பில் அவ்வளவு வேகமாக நடந்திருக்கக் கூடாது. எல்லைக்கல் போயிற்று, டியூப் சுருண்டு கிடந்த இடம் போயிற்று. பாத்தி ஓரத்தில் ஊரே நின்றது. யாரும் என்னைப் பார்க்கவில்லை, என் தலைக்கு மேலே பார்த்தார்கள். உப்பு வாருகிற பெண்கள் இரண்டு பக்கமும் விலகி வழி விட்டார்கள்.

"சித்தப்பா, ஒங்க பின்னால..." என்றாள் ஜெபராணி.

"தெரியும். இந்தா புக்கும் பணமும். ரெண்டு வரி இருக்கு, பட்டியல்ல ஏத்து. எழுத்து கோணலா இருக்கும், யாரும் சிரிக்கக் கூடாது."

அன்றைக்குச் சாயங்காலமே கால் நாட்டினார்கள். மைக்கில் பன்னிரண்டு பெயரும் வாசித்தார்கள். பொன்பாண்டி வாசித்தார், என் பெயர் வந்த இடத்தில் கொஞ்சம் தொண்டையைச் செருமிக்கொண்டார். நான் கதவைச் சாத்திக்கொண்டு கேட்கலாம் என்றால் ஒரு பக்கம் சுவர் இல்லை, அதனால் திறந்தபடியே கேட்டேன்.

லிங்கத்துரையின் வீடு என் வீட்டோடு வந்து சேரவில்லை. ஒரு முழம் தள்ளி நின்றுவிட்டது. என் சுவர் அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம், நடுவில் சந்து. கிராம நிர்வாக அலுவலர் வந்து நோட்டை விரித்து, நின்ற இடத்தை எழுதிக்கொண்டு போனார். வரிப் பணத்தில் மிச்சம் இருக்கிறது, சிமெண்ட் போட்டு அந்தச் சந்தை அடைத்துவிடலாம் என்று கமிட்டியில் தீர்மானம் போட்டார்கள். அடைக்கக் கூடாது என்று நான் போய்ச் சொன்னேன். அதே நாளில் லிங்கத்துரையும் போய் அதையே சொல்லியிருக்கிறார். சேர்ந்து போகவில்லை, தனித்தனியாகத்தான் போனோம்.

செவ்வாய்க்கிழமை அவர் கிட்டங்கிக்குப் போகிறார். டாக்டரம்மாவிடம் என்ன பேசுகிறார் என்று எனக்குத் தெரியாது. மற்ற நாளில் பறைச் சத்தம் கேட்கும், பெண்கள் சிரிக்கிற சத்தம் கேட்கும், நான் இன்னும் அங்கே போகவில்லை. நாங்கள் திரும்பவும் பேசிக்கொள்ளவும் இல்லை. விடியும்போது எழுந்து முழங்கையை வைத்துச் சந்தை அளக்கிறேன். அந்தப் பக்கத்திலிருந்து அவர் இருமுவார், எழுந்துவிட்டார் என்று தெரியும். கொஞ்சம் பொறுத்து நான் இருமுவேன். அவ்வளவுதான். அது போதும் என்று நான் சொல்லவில்லை. வீடு நகரவில்லை, அவ்வளவுதான் சொல்கிறேன்.